எண்ணெயை உண்ண முடியாத ஈஸ்ட்

கையில் பட்ட காயத்தைக் கழுவுவதற்கு மருந்துக் கடையிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி ஊற்றியிருப்பீர்கள். ஊற்றியவுடன் வெள்ளை வெளேரென்று நுரை பொங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அதே திரவத்தை வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், அங்கும் நுரைக்கும். ரொட்டிக் கடைக்காரர் பயன்படுத்தும் ஈஸ்டைத் தண்ணீரில் கரைத்து அதில் விட்டாலும் நுரைக்கும். மனிதன், உருளைக்கிழங்கு, ஈஸ்ட் ஆகிய மூன்றுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? கேட்டலேஸ் என்னும் நொதி இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது இதன் வேலை. நாம் காணும் நுரை, அந்த ஆக்சிஜன்தான்.

இந்த நொதி உயிர்களுக்கு எதற்கு? செல்கள் தாமாகவே ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரிக்கின்றன. கொழுப்பு அமிலங்களை எரிக்கும்போதும், வேறு சில பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்யும்போதும் அது உண்டாகிறது. அதைப் பெருக விட்டால் செல்லுக்கே நஞ்சாகிவிடும். ஆகவே நஞ்சை உண்டாக்கும் நொதிகளையும் அதை முறிக்கும் கேட்டலேஸையும் ஒரே அறைக்குள் சேர்த்து, சுற்றிலும் ஒரு சவ்வைப் போர்த்தி வைத்திருக்கிறது செல். அந்த அறையின் பெயர் பெராக்சிசோம். அதன் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த அறைக்கு ஒரு விசித்திரம் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது; சில புரதங்களை அதுவே தயாரித்துக்கொள்கிறது. பெராக்சிசோமுக்குள் டி.என்.ஏ.வும் இல்லை, புரதம் செய்யும் ரைபோசோமும் இல்லை. அதனுள் இருக்கும் ஒவ்வொரு புரதமும் வெளியே தயாராகி, சவ்வைக் கடந்து உள்ளே வந்தாக வேண்டும். எப்படி வருகிறது? எந்தப் புரதம் வர வேண்டும் என்று யார் தீர்மானிப்பது? கேட்பதற்கு எளிய இக்கேள்விக்கு விடை காண விஞ்ஞானிகளுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்த விடையில் பெரும்பகுதியைச் சொல்லிக் கொடுத்தது, பூஞ்சை இனத்தைச் சேர்ந்த ஈஸ்ட்தான். அது மட்டுமன்று, பிறந்து ஓராண்டுக்குள் இறந்துபோகும் சில குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்ன என்பதையும் ஈஸ்டின் துணையால் அறிந்தோம். அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த கதை

1954-ஆம் ஆண்டு. சுவீடனில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோஹன்னஸ் ரோடின் என்ற ஆராய்ச்சி மாணவர் சுண்டெலியின் சிறுநீரகச் செல்களை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். ஒற்றைச் சவ்வால் சூழப்பட்ட சிறு உருண்டைகள் அவர் கண்ணில் பட்டன. அவற்றின் வேலை என்னவென்று தெரியாததால், 'நுண்ணுடல்' என்று பொருள்படும் பொதுப் பெயர் ஒன்றைத் தம் ஆய்வேட்டில் சூட்டினார்.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியான் டெ டூவ் வேறொரு வழியில் அதே பொருளை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய குழுவினர் எலியின் கல்லீரலை அரைத்து, மையவிலக்குக் கருவியில் வேகமாகச் சுழற்றி, செல்லின் உறுப்புகளை எடை வாரியாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதியிலும் எந்தெந்த நொதி இருக்கிறது என்று அளந்தனர். ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும் சில நொதிகளும், அதை அழிக்கும் கேட்டலேஸும் எப்போதும் ஒரே பகுதியில் சேர்ந்து வந்தன. அவை ஒரே உறுப்புக்குள் குடியிருக்கின்றன என்று அறிந்த டெ டூவ், 1965-இல் அதற்குப் பெராக்சிசோம் என்று பெயரிட்டார். செல்லின் அமைப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1974-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

பெயர் கிடைத்தது, பயன் தெளிவாகவில்லை. 1967-இல் அமெரிக்காவில் ஹாரி பீவர்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் முளைவிடும் ஆமணக்கு விதையில் இதன் உறவுறுப்பு ஒன்றைக் கண்டனர். விதையில் சேமித்த எண்ணெயைச் சர்க்கரையாக மாற்ற அது உதவுகிறது. 1976-இல் பால் லாசரோவும் டெ டூவும் எலியின் கல்லீரல் பெராக்சிசோம் கொழுப்பு அமிலங்களை எரிப்பதைக் காட்டினர். எனினும், அந்த வேலையைத்தான் மைட்டோகாண்ட்ரியாவும் செய்கிறதே, இந்தச் சிறிய அறை இல்லாவிட்டால்தான் என்ன என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்கு விடை மருத்துவமனையில் இருந்தது.

சரக்கு இல்லாத அறை

1964-இல் சில பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய மருத்துவக் குறிப்பு ஒன்று அமெரிக்காவில் வெளியாயிற்று. அதை எழுதியவர்களுள் ஹான்ஸ் செல்வெகர் என்ற குழந்தை மருத்துவரும் ஒருவர். இக்குழந்தைகளின் தசைகள் துவண்டிருக்கும், பால் குடிக்கவும் வலு இராது, வலிப்பு வரும், கல்லீரல் வீங்கும். பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிடும். தாய் தந்தையர் இருவரும் நலமாக இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் பழுதான ஜீன் ஒன்று மறைந்திருந்து, இரண்டும் ஒரே குழந்தையிடம் வந்து சேரும்போது நோய் வெளிப்படுகிறது.

1973-இல் நியூயார்க்கில் சிட்னி கோல்ட்ஃபிஷர் குழுவினர் இந்நோய் கண்ட குழந்தைகளின் கல்லீரல், சிறுநீரகத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்தனர். அங்கே பெராக்சிசோம்களே காணப்படவில்லை! 'இல்லாவிட்டால்தான் என்ன' என்ற ஐயம் அத்துடன் தீர்ந்தது. மிக நீண்ட கொழுப்பு அமிலங்கள், குறிப்பாக 26 கார்பன் அணுக்கள் கொண்டவை, இக்குழந்தைகளின் உடலில் தேங்குகின்றன என்பது பின்னர் தெரிந்தது. அவற்றைக் குறுக்கும் வேலை பெராக்சிசோமுக்கு உரியது. மைட்டோகாண்ட்ரியாவால் அதை ஈடுசெய்ய முடிவதில்லை.

இதற்கிடையே, பெராக்சிசோமுக்குரிய புரதங்கள் எங்கே தயாராகின்றன என்ற ஆராய்ச்சி நடந்தது. 1978-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் கோல்ட்மனும் குந்தர் புளோபலும், கேட்டலேஸும் யூரிகேஸும் செல்லுக்குள் தனித்து மிதக்கும் ரைபோசோம்களில் உருவாகின்றன என்று காட்டினர். 1985-இல் லாசரோவும் யுகியோ ஃபூஜிகியும் அதுவரை கிடைத்த சான்றுகளையெல்லாம் தொகுத்தனர். புரதங்கள் முழுமையாக உருவான பின்னரே பெராக்சிசோமுக்குள் நுழைகின்றன. அவ்வாறு பருத்த பெராக்சிசோம் இரண்டாகப் பிரிகிறது என்று அவர்கள் முடிவு கூறினர்.

அப்படியானால் நோயுற்ற குழந்தையின் செல்லில் நடப்பது என்ன? 1988-இல் லாசரோவின் குழுவினர் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். நோயாளியின் செல்களில் பெராக்சிசோமின் சவ்வு இருக்கிறது. உள்ளே சரக்குதான் இல்லை. அந்த வெற்றுக் கூடுகளுக்கு 'ஆவிகள்' என்று பெயரிட்டார்கள். அறை கட்டப்பட்டிருக்கிறது, அதற்கு வர வேண்டிய புரதங்கள் வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன. ஆக, இது வாசலில் ஏற்பட்ட பழுது. ஆனால் அந்த வாசலைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாதே!

மின்மினி காட்டிய முகவரி

வாசலைத் தேடுமுன் முகவரியைப் பார்ப்போம். நம் நாட்டில் 1972-இல் அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. முகவரியின் கடைசியில் எழுதும் அந்த ஆறு இலக்கங்கள், கடிதம் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. புரதங்களிலும் இத்தகைய குறியீடு உண்டு என்ற கருத்தை நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் மேலே சொன்ன புளோபல். அதற்காக 1999-இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

பெராக்சிசோமுக்குரிய குறியீடு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. மின்மினிப் பூச்சி ஒளிவிடுவதற்குக் காரணம் லூசிஃபரேஸ் என்னும் நொதி. அதற்குரிய ஜீன் 1985-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து சென்று அங்கே ஆய்வுக்கூடம் நடத்திவந்த சுரேஷ் சுப்பிரமணியும் அவருடைய மாணவர்களும் அந்த ஜீனைக் குரங்கின் செல்களில் புகுத்திப் பார்த்தனர். லூசிஃபரேஸ் செல் முழுவதும் பரவவில்லை. பெராக்சிசோம்களுக்குள் போய்ச் சேர்ந்தது! 1987-இல் இச்செய்தி வெளியாயிற்று.

பூச்சியின் புரதத்துக்குக் குரங்கின் செல்லில் வழி தெரிந்தது எப்படி? லூசிஃபரேஸ் 550 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஸ்டீபன் கூல்ட் என்ற மாணவரும் மற்றவர்களும் அதைச் சிறிது சிறிதாக வெட்டிச் சோதித்தனர். இறுதியில் எஞ்சியவை கடைசி மூன்று அமினோ அமிலங்கள்: செரின், லைசின், லியூசின். அந்த மூன்றையும் நீக்கினால் லூசிஃபரேஸ் வழி தவறியது. பெராக்சிசோமுடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத பாக்டீரியாப் புரதத்தின் வாலில் இத்தகைய குறியீட்டை ஒட்டினால், அதுவும் பெராக்சிசோமுக்குள் சென்றது. 1989-இல் இம்முடிவு வெளியாயிற்று. அடுத்த ஆண்டே, ஈஸ்ட், தாவரம், பூச்சி, பாலூட்டி ஆகிய அனைத்திலும் இதே குறியீடு செல்லுபடியாகிறது என்றும் அக்குழுவினர் காட்டினர். எல்லாப் புரதங்களுக்கும் இது பொருந்தாது. தயோலேஸ் போன்ற சில புரதங்கள் தலைப்பகுதியில் வேறொரு குறியீட்டைத் தாங்கியிருப்பது 1991-இல் தெரிந்தது.

குறியீடு வாலில் இருப்பதன் பொருளைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். ரைபோசோமில் புரதம் தலையிலிருந்து தொடங்கி வால் வரை கோக்கப்படுகிறது. வால் வெளிவந்த பிறகுதானே முகவரியைப் படிக்க முடியும்? அதற்குள் புரதம் முழுமையாகிவிடும். லாசரோவும் ஃபூஜிகியும் சொன்னது இதனுடன் நன்றாகப் பொருந்தியது.

ஈஸ்டிடம் கேட்ட கேள்வி

முகவரி கிடைத்தது, அதைப் படிப்பவர் யார்? ஓர் இயந்திரத்தின் பாகங்களை அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பாகமாகக் கெடுத்து, எது கெட்டால் எந்த வேலை நிற்கிறது என்று பார்ப்பதுதான் அது. மனிதனிடம் இச்சோதனையைச் செய்ய முடியாது. ஈஸ்டிடம் செய்யலாம். அது சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிக்கிறது. தட்டு ஒன்றில் ஆயிரக்கணக்கில் வளர்கிறது.

அதைவிட முக்கியமான வசதியும் உண்டு. நம் உடலில் கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவும் எரிக்கிறது. ஈஸ்டிலோ அந்த வேலை பெராக்சிசோமில் மட்டுமே நடக்கிறது. ஆகவே பெராக்சிசோம் பழுதான ஈஸ்ட், சர்க்கரையைக் கொடுத்தால் கொழுகொழுவென்று வளரும். கடலை எண்ணெயில் மிகுதியாக உள்ள ஓலியிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் பட்டினி கிடக்கும். பழுது இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை வேண்டுமா?

மேற்கு ஜெர்மனியின் போகும் நகரத்து ரூர் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப் குனாவும் அவருடைய மாணவர் ரால்ஃப் எர்ட்மானும் இதைத்தான் செய்தனர். ரொட்டி ஈஸ்டில் திடீர்மாற்றங்களை உண்டாக்கி, சர்க்கரையில் வளர்ந்து ஓலியிக் அமிலத்தில் வளராதவற்றைப் பொறுக்கினர். அவற்றுள்ளும் இரு வகை இருக்கும் அல்லவா? சிலவற்றில் கொழுப்பை எரிக்கும் ஏதேனும் ஒரு நொதி மட்டும் கெட்டிருக்கும். சிலவற்றில் பெராக்சிசோமே கெட்டிருக்கும். செல்லை உடைத்து மையவிலக்கியில் சுழற்றினால் வேறுபாடு தெரிந்துவிடும். நல்ல செல்லில் பெராக்சிசோமின் நொதிகள் உறுப்போடு சேர்ந்து அடியில் படியும். பெராக்சிசோம் கெட்ட செல்லிலோ மேலே தெளிந்த நீரில் கரைந்து நிற்கும். நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்து மார்ட்டன் வீன்ஹௌஸ் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து அதை உறுதி செய்தார். 1989-இல் இந்த ஈஸ்ட் வகைகள் உலகுக்கு அறிமுகமாயின.

அடுத்த வேலை, கெட்ட ஜீனைக் கண்டுபிடிப்பது. நல்ல ஈஸ்டின் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கி, பழுதான ஈஸ்டுக்குள் புகுத்துவார்கள். எந்தத் துண்டு நுழைந்ததும் அது மீண்டும் ஓலியிக் அமிலத்தில் வளரத் தொடங்குகிறதோ, அந்தத் துண்டில்தான் உரிய ஜீன் இருக்கிறது. இப்படி 1991 முதல் ஜீன்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. மெத்தனாலை உண்டு வாழும் ஹன்செனுலா, பிக்கியா என்னும் ஈஸ்டுகளில் வேறு ஆய்வுக்கூடங்கள் இதே வேட்டையை நடத்தின. ஒரே ஜீனுக்கு ஒவ்வொரு கூடத்திலும் ஒவ்வொரு பெயர்! குழப்பம் தாங்காமல் 1996-இல் அனைவரும் கூடி, இந்த ஜீன்களுக்கெல்லாம் பெக்ஸ் என்ற பொதுப் பெயரும் வரிசை எண்ணும் கொடுத்தனர். இன்று அவற்றின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டிவிட்டது.

சுமைதூக்கியும் அவர் சுமையும்

1993-இல் முகவரியைப் படிக்கும் புரதம் சிக்கியது. பிக்கியா ஈஸ்டில் சுப்பிரமணியின் குழுவும், ரொட்டி ஈஸ்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஹென்க் டபாக்கின் குழுவும் அதைத் தனித்தனியே கண்டனர். இன்று அதன் பெயர் பெக்ஸ்-5. அது கெட்ட ஈஸ்டில், வாலில் குறியீடு உள்ள புரதங்கள் வெளியே நின்றன. தலையில் குறியீடு உள்ள தயோலேஸோ தடையின்றி உள்ளே சென்றது. பெக்ஸ்-7 கெட்ட ஈஸ்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. இரு குறியீடுகளுக்கும் இரு ஏற்பிகள் இருப்பது இவ்வாறு விளங்கிற்று.

பெக்ஸ்-5 வாசலில் நிற்கும் காவலர் அல்ல. ரயில் நிலையத்துச் சுமைதூக்கி போன்றது. செல்லின் திரவத்தில் திரிந்து, குறியீடுள்ள புரதத்தைப் பிடித்துக்கொண்டு பெராக்சிசோமின் சவ்வுக்கு வருகிறது. அங்கே பெக்ஸ்-13, பெக்ஸ்-14 என்னும் புரதங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. சுமையை உள்ளே இறக்கிய பின் அடுத்த சுமைக்காக அது வெளியே திரும்புகிறது. மனித செல்லில் பெக்ஸ்-5 இவ்வாறு உள்ளே போய் வருவதை 2001-இல் சுப்பிரமணியின் கூடம் காட்டியது.

சுமை எந்த நிலையில் உள்ளே போகிறது என்பதுதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. ஊசியில் நூல் கோப்பதுபோல், புரதம் தன் மடிப்புகளை அவிழ்த்து நீண்ட இழையாகத்தான் சவ்வைக் கடக்கும் என்பது அக்காலத்துப் பாடம். மைட்டோகாண்ட்ரியாவைப் பொறுத்தவரை அது உண்மையே. 1986-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஐலர்ஸும் ஷாட்ஸும், மருந்து ஒன்றால் இறுகப் பூட்டப்பட்டு அவிழ முடியாத புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையாமல் நின்றதைக் காட்டியிருந்தனர்.

பெராக்சிசோம் இந்தப் பாடத்துக்குக் கட்டுப்படவில்லை. தயோலேஸ் இரண்டிரண்டாக இணைந்து வேலை செய்யும் நொதி. 1994-இல் கனடாவில் ரச்சுபின்ஸ்கியின் குழுவினர் ஈஸ்டில் முகவரி நீக்கிய தயோலேஸைத் தயாரித்தனர். தனியாக விட்டால் அது வெளியே நின்றது. முகவரியுள்ள மற்றொரு தயோலேஸுடன் இணைந்தபோது, அதன் முதுகில் சவாரி செய்து உள்ளே சென்றது! முகவரி இல்லாததால் தனியே அதனால் நுழைய முடியாது. ஆக, இரண்டும் வெளியிலேயே மடிந்து இணைந்து, இணைந்தபடியே வாசலைக் கடந்திருக்கின்றன. மறு ஆண்டு சுப்பிரமணியின் கூடத்தில், குறியீடு பொருத்திய புரதம் பூசப்பட்ட தங்கத் துகள்களை மனித செல்களுக்குள் ஊசியால் செலுத்தினர். 9 நானோமீட்டர் வரை குறுக்களவுள்ள துகள்களும் பெராக்சிசோமுக்குள் காணப்பட்டன. தங்கத்தை அவிழ்த்து இழையாக்க முடியாதல்லவா?

அவ்வளவு பெரிய துளை சவ்வில் நிரந்தரமாக இருந்தால் உள்ளே உள்ளவை கசிந்துவிடும். எந்த நுண்ணோக்கியிலும் அப்படியொரு துளை தென்படவும் இல்லை. 2010-இல் எர்ட்மானும் சக ஆய்வாளர்களும் ஈஸ்டிலிருந்து பிரித்த பெக்ஸ்-5, பெக்ஸ்-14 கூட்டத்தைச் செயற்கைச் சவ்வில் பதித்து மின்னோட்டத்தை அளந்தனர். சுமை வந்தபோது துளை சுமார் 9 நானோமீட்டர் வரை விரிந்தது. வாசல் வேண்டும்போது திறக்கிறது என்று கொள்ள இது இடம் கொடுத்தது. 2022-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் டாம் ராப்போபோர்ட் குழுவினர் இன்னொரு விளக்கம் தந்தனர். பெக்ஸ்-13 புரதங்களின் இழைகள் பின்னி, களி போன்ற வலையாக வாசலை அடைத்து நிற்கின்றன. பெக்ஸ்-5 தன் சுமையுடன் அந்த வலைக்குள் கரைந்து ஊடுருவுகிறது. மற்றவற்றுக்கு வழி இல்லை. செல்லின் உட்கருத் துளைகளிலும் இத்தகைய ஏற்பாடுதான் உள்ளது.

திரும்பி வர இயலாத சுமைதூக்கி

இனி அந்தக் குழந்தைகளிடம் திரும்புவோம். நோய்க்குக் காரணமான ஜீன்களுள் முதலாவது கிடைத்தது ஈஸ்டிலிருந்து அன்று. ஜப்பானில் ஃபூஜிகி வெள்ளெலிச் செல்களைக் கொண்டு 1991-இல் ஒரு ஜீனைக் கண்டார். அதே ஜீன் ஒரு செல்வெகர் நோயாளியிடம் கெட்டிருந்ததை 1992-இல் காட்டினார். இன்று அதன் பெயர் பெக்ஸ்-2. அதன் பின்னர் ஈஸ்ட் வழி விரைவாகப் பலன் தந்தது. ஈஸ்டின் ஜீனுக்கு ஒத்த எழுத்து வரிசை மனிதனிடம் எங்கே இருக்கிறது என்று தேடினால் போதும். 1995-இல் மனிதனின் பெக்ஸ்-5 அவ்வாறு கிடைத்தது. 1997-இல் பெக்ஸ்-1 கிடைத்தது. இந்நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோரிடம் கெட்டிருப்பது இந்தப் பெக்ஸ்-1 தான்.

இந்த பெக்ஸ்-1 நமக்குப் புதியதல்ல. எர்ட்மானின் பட்டினி ஈஸ்ட் 1991-இல் முதன்முதலாகக் காட்டிக்கொடுத்த ஜீன் அதுவேதான்! அது ஏ.டி.பி.யின் ஆற்றலைச் செலவிட்டு ஏதோ செய்கிறது என்பது அன்றே தெரிந்தது. என்ன செய்கிறது என்பது தெரியவில்லை. புரதங்களை உள்ளே இழுக்கிறதோ என்று எண்ணத் தோன்றும். 2005-இல் எர்ட்மானின் கூடம் தந்த விடை அதற்கு எதிரானது. பெக்ஸ்-1, பெக்ஸ்-6 இரண்டும் சேர்ந்து, சுமையை இறக்கிய பெக்ஸ்-5-ஐச் சவ்விலிருந்து வெளியே இழுக்கின்றன.

அதற்கு முன் பெக்ஸ்-5-இன் மேல் யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் ஒன்றைச் சீட்டுப்போல் ஒட்ட வேண்டும். அதில் ஈஸ்டின் பெக்ஸ்-4 பங்கு கொள்கிறது. பெக்ஸ்-2, பெக்ஸ்-10, பெக்ஸ்-12 ஆகிய மூன்றும் கூடி, சீட்டை ஒட்டுவதுடன் வெளியேறும் வழியாகவும் அமைகின்றன. அந்த மூவர் கூட்டத்தின் வடிவத்தை 2022-இல் ராப்போபோர்ட் குழுவினர் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது வெப்பத்தை விரும்பி வளரும் பூஞ்சை ஒன்றின் புரதங்களை.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். நிலையத்தில் சுமைதூக்கிகள் இருக்கிறார்கள், சுமையும் இருக்கிறது, வண்டியின் கதவும் திறக்கிறது. ஆனால் உள்ளே போனவர்கள் இறங்கி வர முடியவில்லை. சற்று நேரத்தில் நடைமேடையில் சுமைதூக்கிகளே இருக்க மாட்டார்கள். மூட்டைகள் குவிந்து கிடக்கும். அந்தக் குழந்தைகளுள் பலருடைய செல்களில் நடந்தது இதுதான். புரதங்கள் உள்ளே போக முடியாததற்குக் காரணம், அவற்றைச் சுமந்தவை வெளியே வர முடியாததே. உள்ளே நுழையும் வழியை மட்டுமே ஆராய்ந்திருந்தால் இக்காரணம் பிடிபட்டிருக்குமா என்பது ஐயமே.

பூஞ்சை உலகில்

ஈஸ்டின் வழியில் மற்றப் பூஞ்சைகளிலும் ஆராய்ச்சி பரவியது. பெனிசிலினைத் தயாரிக்கும் பூஞ்சை, அம்மருந்தின் கடைசிக் கட்ட வேலையைப் பெராக்சிசோமுக்குள்தான் செய்கிறது. அதற்குரிய நொதியின் வாலிலும் இத்தகைய மூன்றெழுத்து முகவரி உண்டு. பிக்கியா ஈஸ்டில் மெத்தனாலை எரிக்கும் பெராக்சிசோம் நொதியின் ஜீனை இயக்கும் விசை மிக வலியது. அந்த ஈஸ்டைக் கொண்டே ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி ஒன்று ஹைதராபாத்தில் தயாராகி 1997-இல் வெளிவந்தது.

நம் உழவர்கள் அஞ்சும் நெற்பயிரின் குலை நோயை உண்டாக்குவதும் ஒரு பூஞ்சை. இலையின் மேல் விழுந்த அதன் வித்து, தன்னிடமுள்ள கொழுப்பைச் செலவிட்டு அழுத்தத்தைப் பெருக்கி, இலையைத் துளைத்து உள்ளே புகுகிறது. அப்பூஞ்சையின் பெக்ஸ்-6 ஜீனை நீக்கினால் அது நோய் உண்டாக்கும் திறனை இழக்கிறது என்று 2006-இல் சிங்கப்பூரில் கண்டனர். குழந்தையைக் காக்க வேண்டிய ஜீனும், பயிரைக் காக்க நாம் முடக்க விரும்பும் ஜீனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை!

செல்வெகர் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் இவ்வகை நோய்கள் காணப்படுகின்றன. எனினும் இன்று பெயர் சொல்லக்கூடிய காரணம் இருக்கிறது. ஒரு குழந்தையை இழந்த பெற்றோரிடம், எந்த ஜீன் பழுது என்று மருத்துவர் கூற முடிகிறது. அடுத்த குழந்தை கருவில் இருக்கும்போதே சோதித்துச் சொல்லவும் முடிகிறது. பெக்ஸ்-1 புரதத்தின் 843-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிய நோயாளிகளிடம் நோய் சற்று மிதமாக இருக்கிறது. அவர்களுடைய செல்களை ஆய்வுக்கூடத்தில் 37 டிகிரிக்குப் பதிலாக 30 டிகிரி வெப்பநிலையில் வளர்த்தால், வெளியே நின்ற புரதங்கள் மீண்டும் பெராக்சிசோமுக்குள் நுழைகின்றன. பழுதான பெக்ஸ்-1 முற்றும் செத்துவிடவில்லை. தடுமாறி நிற்கிறது என்பதை இது காட்டுகிறது. உடலைக் குளிர வைக்காமலே அதைத் தாங்கிப் பிடிக்கக்கூடிய மருந்து எது என்று தேடும் பணி நடந்துவருகிறது.

ஓலியிக் அமிலம் தடவிய தட்டில் ஓர் ஈஸ்ட் ஏன் வளரவில்லை என்று கேட்டவர்களுக்கு, அந்தக் கேள்வி ஒரு தொட்டில் வரை செல்லும் என்று தொடக்கத்திலேயே தெரிந்திருக்க முடியாது. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உருளைக்கிழங்குத் துண்டின் மேல் நுரை பொங்கும்போது, 'இந்த நொதி இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது?' என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். இவ்வளவு பெரிய வரலாறு அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.